குளியலறைச் சீலிங்கில் கறுப்புப் பூஞ்சணம்: காரணம் கண்டு, திருத்தி, மறுபடி பூசும் முழுமையான வழிகாட்டி

மாரி ஓய்ந்து தை வெயில் எட்டிப் பார்க்கும்போதுதான் திருகோணமலையில் பலரும் குளியலறைச் சீலிங்கை நிமிர்ந்து பார்க்கிறார்கள். மூலையில் மிளகுத்தூள் தூவியதுபோல் கறுப்புப் புள்ளிகள் இருக்கும். யன்னலுக்கு மேலே பெயின்ட் அப்பளம்போல் பொருமி நிற்கும். உடனே ஒரு வாளி பெயின்ட் வாங்கி மேலால் ஒரு கோட் அடித்தால் சித்திரை வரை வெள்ளையாக இருக்கும், அடுத்த கார்த்திகையில் அதே இடத்தில் அதே வடிவத்தில் கறுப்பு திரும்பி வரும்.

ஏன் என்று முதலில் விளங்கிக்கொள்ள வேண்டும். பாடப்புத்தகம் பங்கசு என்று சொல்லும் பூஞ்சணத்தின் வித்துகள் காற்றில் எப்போதும் இருக்கின்றன. தூசு, சவர்க்காரப் படிவு, பழைய பெயின்டில் உள்ள பசை எல்லாமே அதற்குச் சாப்பாடு. அவற்றை வீட்டிலிருந்து ஒழிக்க முடியாது. நம் கையில் இருப்பது ஈரம் ஒன்றுதான். ஈரமான பரப்பில் 24 முதல் 48 மணித்தியாலத்துக்குள் பூஞ்சணம் முளைக்கத் தொடங்கிவிடும். அதனால் இந்த வேலையில் பாதி நேரம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று தேடுவதிலேயே போகும். அந்தப் பாதியைத் தவிர்த்தால் மீதி வீண்.

எந்த மாதத்தில் தொடங்குவது

திருகோணமலையில் மழையின் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் ஜனவரி வரை விழுகிறது. நவம்பரும் டிசம்பரும் உச்சம். அந்த மாதங்களில் பூசிய சாந்து காயாது, பெயின்ட் பிடிக்காது. வறட்டுக் கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி, ஆவணி மாதங்கள்தான் சீலிங் வேலைக்கு வாய்ப்பானவை. சாந்து பூச வேண்டியிருந்தால் ஜூலைக்குள் பூசிவிடுங்கள். அது காய ஒரு மாதம் வேண்டும். பெயின்ட் வேலை செப்டம்பர் நடுவுக்குள் முடிந்திருக்க வேண்டும்.

கசிவைத் தேடும் வேலை மட்டும் மறுபக்கம். அதை மழைக்காலத்திலேயே செய்யுங்கள். மார்கழியில் ஈரக்கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் திகதி எழுதி வையுங்கள். பெரிய மழைக்குப் பிறகு கோட்டைத் தாண்டிக் கறை பரவியிருந்தால் தண்ணீர் மேலிருந்து வருகிறது. மழைக்கும் கறைக்கும் தொடர்பே இல்லையென்றால் குழாய், தாங்கி, அல்லது அறைக் காற்று.

கறுப்பாக இருப்பதெல்லாம் பூஞ்சணமா?

வெளிற்றித் திராவகத்தை (புளீச்) தண்ணீரில் கலந்து ஒரு துளியைப் புள்ளி மேல் தொட்டு வையுங்கள். இரண்டு நிமிடத்துக்குள் நிறம் மங்கினால் பூஞ்சணம். அப்படியே இருந்தால் அது பெரும்பாலும் தூசு அல்லது புகை.

வெள்ளையாகப் பஞ்சுபோல் படிந்திருந்தால் இன்னொரு சந்தேகம் வரும். விரலால் நசுக்கிப் பாருங்கள். மொறுமொறுத்து உதிர்ந்து, தண்ணீர் பட்டதும் கரைந்தால் அது உப்பு. உப்புவெளி, நிலாவெளி, திருக்கடலூர் எனக் கடலை ஒட்டிய வீடுகளில் இது சாதாரணம். உவர் தண்ணீரில் குழைத்த சாந்து, சரியாகக் கழுவாத மணல், மேலிருந்து கசியும் தண்ணீர் மூன்றும் உப்பை வெளியே தள்ளும். உப்பு பூத்த இடத்தில் பூஞ்சண மருந்து அடிப்பதால் ஒரு பயனும் இல்லை. காய்ந்த தூரிகையால் தட்டிவிட்டு, கசிவை நிறுத்தி, அந்தப் பூச்சைக் கொத்தி எடுக்க வேண்டும்.

கறையின் உருவமும் பேசும். விளிம்பில் கடும் பழுப்பு வளையமாக, உள்ளே வெளிறி இருந்தால் கசிவு. சீலிங் முழுக்க, குறிப்பாக மூலைகளிலும் யன்னலுக்கு எதிர்ப்பக்கத்திலும் புள்ளி புள்ளியாக இருந்தால் காற்றோட்டக் குறை. நேர்கோடாக வெடிப்பும் துருக்கறையும் சேர்ந்து ஓடினால் உள்ளே கம்பி துருப்பிடிக்கிறது. மூன்றாவது வகைதான் பயப்பட வேண்டியது. அதைக் கீழே தனியாகச் சொல்கிறோம்.

தண்ணீர் வரும் வழியைக் கண்டுபிடித்தல்

முதலில் பொலித்தீன் சோதனை. தடித்த பொலித்தீனில் 45 செ.மீ. சதுரம் வெட்டி, சீலிங்கில் ஒட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாமல் டேப் போடுங்கள். 24 மணித்தியாலம் விட்டுப் பாருங்கள். சீலிங்கைத் தொடும் உட்பக்கத்தில் நீர்த்துளி இருந்தால் ஈரம் கொங்கிறீட்டுக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த வெளிப்பக்கத்தில் இருந்தால் அறைக் காற்றின் ஈரம் படிகிறது. பூச்சு ஈரமாக இருந்து டேப் ஒட்டவே மறுத்தால், அதுவும் ஒரு பதில்தான்.

குளியலறைக்கு நேர் மேலே தண்ணீர்த் தாங்கி இருக்கிறதா? இங்கே பல வீடுகளில் குழாய்ச் செலவைக் குறைக்கத் தாங்கியைச் சரியாக அந்த இடத்தில்தான் வைப்பார்கள். மிதவை வால்வு சரியாக மூடாமல் இரவு முழுக்க மேல்வழிக் குழாயால் ஒழுகி, தாங்கிக்கு அடியில் தண்ணீர் தேங்கும். தாங்கி நேரே கொங்கிறீட் தட்டின் மேல் உட்கார்ந்திருப்பதால் அந்த இடம் காய்வதே இல்லை. இரவு பம்பை நிறுத்தி, உள்ளே வரும் வழியையும் வீட்டுக்குப் போகும் வால்வையும் மூடி, நீர்மட்டத்தைக் குறித்துக் காலையில் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால் தாங்கியோ அதன் இணைப்போ ஒழுகுகிறது. இறங்காவிட்டால், அடுத்த இரவு வீட்டு வால்வைத் திறந்து எல்லாக் குழாயையும் மூடி மறுபடி பாருங்கள். இப்போது இறங்கினால் குற்றம் குழாயில்.

மேல்மாடியில் இன்னொரு குளியலறை இருந்தால், தரைத்துவாரத்தை ஈரச்சாக்கால் இறுக்கி அடைத்து, 2 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் கட்டி ஒரு நாள் விடுங்கள். உடுப்புக்குப் போடும் நீலத்தைக் கொஞ்சம் கலந்தால் வெடிப்பு வழியாக வரும் கசிவு நிறத்தோடு தெரியும். கொங்கிறீட் நிறத்தை வடிகட்டிவிடவும் கூடும். அப்போது பென்சில் கோட்டை நம்புங்கள்.

கூரை சீற் போட்ட வீடானால் ஆணித் தலைகளையும் றப்பர் வாசர்களையும் பாருங்கள். வெயிலில் றப்பர் வெடித்துவிடும். புயலில் சீற் அசைந்தால் ஆணித்துளை பெரிதாகும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவி புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அதுபோல் பலத்த காற்று அடித்துப் போன பிறகு, சீற் உடையாவிட்டாலும் கூரையை ஒருமுறை பார்ப்பது நல்லது.

தட்டின் மேற்பக்கம் கசிந்தால் கீழே எதைச் செய்தாலும் நிற்காது. மேலே ஒரு மீற்றருக்கு 1 செ.மீ. சரிவு வரும்படி சாந்து போட்டு, சீமெந்துவகை நீர்த்தடுப்புப் பூச்சை இரண்டு கோட், ஒன்றுக்கொன்று குறுக்காக அடிக்க வேண்டும். கைப்பிடிச் சுவரில் 15 செ.மீ. உயரம் வரை ஏற்ற வேண்டும். தாங்கியைத் திரும்ப வைக்கும்போது பாரம் சுவர் மேலோ பீம் மேலோ வரும்படி கட்டுங்கள். 1000 லீற்றர் தாங்கி நிறைந்தால் ஒரு தொன் பாரம்.

சீலிங் எந்த வகை?

கொங்கிறீட் தட்டும் சாந்துப் பூச்சுமா, மரச்சட்டத்தில் அடித்த தட்டை சீற்றா, பிளாஸ்ரிக் பனலா என்று பாருங்கள். வேலை முறை இதைப் பொறுத்து முற்றாக மாறும்.

பழைய தட்டை சீற்றானால் அது அஸ்பெஸ்டஸ் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அதை உரசவோ, அரத்தாள் போடவோ, காய்ந்தபடி துளைக்கவோ, உடைக்கவோ கூடாது. அதன் நுண்ணிய நார் நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது, பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய் வரை கொண்டுபோகும். உடையாத சீற்றை ஈரத்துணியால் மெதுவாகத் துடைத்து, காயவிட்டு, பிறைமரும் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு) பெயின்டும் அடித்தால் போதும். உடைந்திருந்தால் தண்ணீர் தெளித்து நனைத்து, ஆணியை நிமிர்த்தி, முழுத் துண்டாக இறக்கி, தடித்த பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்ற வேண்டும். கழற்ற ஓடாவியைக் கூப்பிட்டால், சுத்தியலால் அடித்து விழுத்த வேண்டாம் என்று வேலைக்கு முன்பே சொல்லுங்கள்.

பிளாஸ்ரிக் பனலில் பூஞ்சணம் வேர் பிடிக்காது. சவர்க்காரத் தண்ணீரில் துடைத்தால் போய்விடும். ஆனால் கசியும் சீலிங்கை மறைப்பதற்காகப் பனல் அடிப்பது பெரிய பிழை. மேலே கசிவு தொடரும், இடைவெளியில் பூஞ்சணம் கண்ணுக்குத் தெரியாமல் வளரும், மரச்சட்டம் உக்கும். பனலைக் கழற்றும் நாளில்தான் எவ்வளவு போயிருக்கிறது என்று தெரியும்.

இனிச் சொல்வது கொங்கிறீட்டும் சாந்தும் உள்ள சீலிங்குக்கு.

கழுவுதல்

ஆஸ்துமா உள்ளவர்கள், குழந்தைகள், கர்ப்பிணிகள் அன்று வீட்டின் மறுபக்கத்தில் இருக்கட்டும். பூஞ்சணம் ஒரு சதுர மீற்றருக்கு மேல் அடர்த்தியாகப் பரவியிருந்தால் வேலை தெரிந்த ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். முகத்துக்கு என்-95 மாஸ்க், பக்கத் துளை இல்லாத கண்ணாடி, றப்பர் கையுறை. சீலிங்கில் விளக்கு இருப்பதால் டிரிப் சுவிட்சை இறக்குங்கள். கதவுக்குப் பொலித்தீன் தொங்கவிட்டு ஒட்டி, யன்னலைத் திறந்து வையுங்கள்.

காய்ந்த பூஞ்சணத்தைத் தும்புத்தடியால் தட்ட வேண்டாம். ஒரே தட்டில் ஆயிரக்கணக்கான வித்துகள் வீடு முழுக்கப் பறக்கும். சவர்க்காரத் தண்ணீரைப் பூத்தூவலாக முதலில் தெளித்து நனையுங்கள். பிறகு நைலோன் தூரிகையால், புள்ளிகளின் வெளிவிளிம்பிலிருந்து நடுவை நோக்கித் தேயுங்கள். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் நீங்களே பரப்புகிறீர்கள். துணியை ஒவ்வொரு துடைப்புக்கும் பிழிந்து, வாளித் தண்ணீர் கறுத்ததும் மாற்றுங்கள்.

அடுத்து 4 லீற்றர் தண்ணீருக்கு 250 மி.லீ. வீட்டுப் பாவனை வெளிற்றித் திராவகம். அதைவிடக் கூட்ட வேண்டாம். தலைக்கு மேல் தெளித்தால் கண்ணில்தான் விழும், ஆகவே நீளத்தடியில் பூட்டிய பஞ்சுத் துடைப்பானால் ஒற்றுங்கள். பத்து நிமிடம் ஈரமாகவே இருக்கட்டும். பிறகு நல்ல தண்ணீரால் இரண்டு தரம் துடையுங்கள். திராவகம் காய்ந்தால் உப்பாக மிஞ்சும், அந்த உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். கிணறு உவரானால் இந்தக் கடைசித் துடைப்புக்குக் குழாய்த் தண்ணீரை எடுங்கள்.

இந்தத் திராவகத்தோடு மலசலகூடம் கழுவும் அமிலம், வினாகிரி, அமோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எதையும் சேர்க்கக் கூடாது. நச்சுவாயு கிளம்பும். சின்னக் குளியலறையில் அது உயிரையே எடுக்கும். வினாகிரியைத் தனியாகவும் இங்கே பாவிக்க வேண்டாம். அமிலம் சாந்திலுள்ள சுண்ணாம்பை அரிக்கும்.

வெளிறியதெல்லாம் செத்தது என்று நினைக்கவும் கூடாது. சாந்தின் நுண்துளைக்குள் தண்ணீர் இறங்கும் ஆழத்துக்கு மருந்து இறங்காது. மேல்நிறம் போய், வேர் உள்ளே இருக்கலாம். அதனால்தான் பொருமிய பெயின்ட், மாவுபோல் கையில் ஒட்டும் பழைய பூச்சு, ஊறிய பட்டி (பெயின்டுக்கு முன் குழி நிரப்பி மட்டமாக்கும் பூச்சு) எல்லாவற்றையும் ஈரமாக்கிச் சுரண்டி எடுத்துவிட்டு, திறந்த பரப்பை மறுபடி ஒரு தரம் திராவகத்தால் ஒற்ற வேண்டும். சுரண்டியதை அன்றே கட்டி வெளியே கொண்டுபோங்கள்.

தட்டிப் பார்த்துச் சாந்தைத் திருத்துதல்

சுரண்டி முடிந்ததும் சீலிங் முழுவதையும் மரக்கைப்பிடியால் ஒரு சாண் இடைவெளியில் தட்டுங்கள். கட்டியான இடம் டொக்கென்று அடங்கிய சத்தம் தரும். பிடி விட்ட இடம் காலிப் பானைபோல் ஒலிக்கும். அந்த எல்லையைச் சுண்ணக்கட்டியால் வரைந்து, எல்லைக்கு வெளியே இன்னும் 5 செ.மீ. சேர்த்துக் கொத்துங்கள். விளிம்பை நேர்க்குத்தாக வெட்ட வேண்டும். சரிவாக மெலிந்து போகும் விளிம்பில் புதுச் சாந்து நிற்காமல் முதலில் அங்கேதான் உதிரும்.

உள்ளே கம்பி தெரிந்தால் நில்லுங்கள். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், அதுதான் கொங்கிறீட்டைத் தள்ளி வெடிக்க வைக்கிறது. மேல் துரு மட்டுமானால், கம்பியின் பின்பக்கமும் 2 செ.மீ. இடம் வரும்வரை கொத்தி, கம்பித் தூரிகையால் பளபளப்பு வரும்வரை தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்து, பொலிமர் கலந்த திருத்தச் சாந்தால் நிரப்பலாம். கம்பி கண்ணுக்குத் தெரியும்படி மெலிந்திருந்தால், பல இடத்தில் வரிசையாக வெடிப்பு ஓடினால், தட்டு நடுவில் தொய்ந்திருந்தால் அது பெயின்ட் வேலையே அல்ல. பொறியியலாளர் ஒருவர் பார்க்கும்வரை மேலே உள்ள தாங்கியை வெறுமையாக்கி வையுங்கள்.

கம்பி நலமானால் வேலை இப்படிப் போகும். கொத்திய இடத்தைத் தூசு போகக் கழுவி, ஈரம் ஊறி மேல்நீர் வடியும்வரை விடுங்கள். ஒட்டுப்பால் (பழைய பரப்பில் புதுச் சாந்தை ஒட்டவைக்கும் பால்போன்ற திரவம்) ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, அதில் சீமெந்தைக் கொட்டித் தயிர்ப் பதத்துக்குக் கலக்கித் தூரிகையால் அழுத்தித் தேயுங்கள். இந்தப் பால் காய்வதற்குள் சாந்து ஏற வேண்டும். பலரும் பிழைவிடும் இடம் இதுதான். பால் பூசிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால், காய்ந்த படலம் ஒட்டுவதற்குப் பதில் பிரிக்கும் தாளாகிவிடும்.

சாந்து சீமெந்து ஒன்று, அரித்த ஆற்றுமணல் நான்கு. ஒரு கோட்டின் தடிப்பு 10 மி.மீ. தாண்டக் கூடாது, சீலிங்கில் அதற்கு மேல் தன் பாரத்திலேயே விழும். ஒரு சதுர மீற்றருக்கு விழுந்து போவதையும் சேர்த்து 5 கிலோ சீமெந்தும் 13 லீற்றர் மணலும் வைத்துக்கொள்ளுங்கள். சாந்தகப்பையால் விசையாக அழுத்தி, மட்டப்பலகையால் வட்டமாகத் தேயுங்கள். ஆழமான இடத்தில் முதல் கோட்டைக் கீறிவிட்டு மறுநாள் இரண்டாவதைப் பூசுங்கள். மூன்று நாள் காலையும் மாலையும் தண்ணீர் தெளிக்க வேண்டும். கச்சான் காற்று அடிக்கும்போது மத்தியானமும் தெளியுங்கள், அந்த வறட்டுக் காற்று ஒரு மணி நேரத்தில் ஈரத்தை உறிஞ்சி மயிர்வெடிப்பு விட வைக்கும்.

பிறகு 28 நாள் பொறுமை. புதுச் சாந்தின் காரத்தன்மை சாதாரணப் பெயின்டை உரிக்கும்.

பிறைமரும் பெயின்டும்

பொலித்தீன் சோதனையை மறுபடி செய்து, உட்பக்கம் காய்ந்திருந்தால் மட்டும் தொடருங்கள்.

சின்னக் குழிகளுக்கு வெள்ளைச் சீமெந்துப் பட்டி மட்டும் போடுங்கள். உள்ளறைக்கு விற்கும் மாவுப் பட்டி குளியலறையில் ஊறிப் பிசைந்த மாவாகிவிடும். பட்டி மெல்லியதாக இரண்டு தரம், காய்ந்ததும் 150 இலக்க அரத்தாள், தூசைத் துடைக்க ஈரத்துணி.

பழுப்புக் கறை உள்ள இடத்துக்கு எண்ணெய்வகைக் கறைமறைப்புப் பிறைமரைத் தனியாகத் தொட்டு அடிக்க வேண்டும். நீர்வகைப் பெயின்ட் எத்தனை கோட் அடித்தாலும் அந்தப் பழுப்பைக் கரைத்து மேலே கொண்டுவரும். மற்ற இடம் முழுக்கக் காரம் தாங்கும் பிறைமர் ஒரு கோட். அதன்மேல் பூஞ்சணத் தடுப்பு சேர்ந்த, கொஞ்சம் மினுமினுப்பான அக்ரிலிக் பெயின்ட் இரண்டு கோட். மினுமினுப்பில்லாத பெயின்ட் அழகாக இருக்கும், ஆனால் ஈரத்தைப் பிடித்து வைக்கும், துடைக்கவும் வராது.

5 அடிக்கு 7 அடி குளியலறையில் சீலிங் 35 சதுர அடி, அதாவது 3.25 சதுர மீற்றர். பிறைமர் அரை லீற்றரும் பெயின்ட் ஒரு லீற்றரும் தாராளம். வாளியில் நான்கு மணித்தியாலம் என்று போட்டிருந்தாலும் கடற்காற்றில் கோட்டுக்குக் கோட் ஒரு நாள் விடுங்கள். கடைசிக் கோட்டுக்குப் பிறகு மூன்று நாள் அந்த அறையில் குளிக்க வேண்டாம், ஒரு வாரத்துக்குச் சீலிங்கைத் துடைக்க வேண்டாம்.

ஒருபோதும் பெயின்ட் படாத வெறும் சாந்துச் சீலிங்கானால், நீர்த்த சுண்ணாம்பை மெல்லிய மூன்று கோட் அடிப்பது இன்றைக்கும் நல்ல வழி. சுண்ணாம்பின் காரத்தில் பூஞ்சணம் எளிதில் தங்காது, ஈரமும் உள்ளே அடைபடாமல் வெளியேறும். பழைய பெயின்ட் மேல் மட்டும் அது நிற்காது.

காற்று போக ஒரு வழி

இங்கே வெந்நீரில் குளிப்பவர்கள் குறைவு. அப்படியும் ஏன் சீலிங் ஈரமாகிறது என்று கேட்பார்கள். நாள் முழுக்கத் தரையும் சுவரும் நனைந்தே கிடக்கின்றன, வெளிக்காற்றும் ஈரம், உள்ளே காற்று அசைவதில்லை. நுளம்புக்காக வென்ரிலேற்றரில் அடித்த வலையைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். பல வீடுகளில் தூசும் ஒட்டடையும் அடைத்துத் துணிபோல் ஆகியிருக்கும். அதைக் கழுவுவதே பாதி மருத்துவம். வலையை எடுத்துவிடச் சொல்லவில்லை, டெங்கு உள்ள ஊர். மாதம் ஒருமுறை கழுவினால் போதும். பக்கத்துப் படுக்கையறையில் ஏசி இருந்தால் அந்தப் பொதுச்சுவர் குளிர்ந்து, குளியலறைப் பக்கத்தில் வியர்க்கும். கறுப்பு அந்தச் சுவரோரமாகவே தொடங்கினால் காரணம் அதுதான்.

யன்னல் போதாவிட்டால் காற்றிழுக்கும் விசிறி பூட்டுங்கள். அறையின் கனவளவைக் கணக்கிட்டு, மணிக்குப் பத்துத் தரம் காற்று மாறும்படி பாருங்கள். மேற்சொன்ன அறை 9 அடி உயரமானால் 315 கன அடி, ஏறத்தாழ 9 கன மீற்றர். மணிக்கு 90 கன மீற்றர் இழுக்கும் விசிறி வேண்டும், 6 அங்குல விசிறியே பொதுவாக அதற்குப் போதும். கதவுக்கு எதிர்ச்சுவரில், சீலிங்குக்கு அருகில் பூட்டுங்கள். உப்புக்காற்றில் இரும்பு உடல் நிலைக்காது, பிளாஸ்ரிக் உடலே நல்லது. காற்றைச் சீலிங்குக்கு மேலுள்ள இடைவெளிக்குள் விடக் கூடாது, வீட்டுக்கு வெளியேதான் போக வேண்டும். கதவின் அடியில் 2 செ.மீ. இடைவெளி இல்லாவிட்டால் விசிறி சுற்றும், காற்று வராது. விசிறியை ஓடவிட்டு வலைமேல் ஒரு கடதாசித் துண்டைப் பிடியுங்கள். ஒட்டி நின்றால் இழுக்கிறது. குளித்த பின் 20 முதல் 30 நிமிடம் ஓட வேண்டும்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்த மறுநாள் டோர்ச் எடுத்து, ஒளியைச் சீலிங்கோடு கிடையாக அடித்துப் பாருங்கள். நேரே பார்த்தால் தெரியாத பொருமல் நிழலாகத் தெரியும். சாம்பல் நிறத்தில் இரண்டு மூன்று புள்ளி தெரிந்தால் அன்றே சவர்க்காரத் தண்ணீரில் துடைத்துக் காயவிடுங்கள். ஒரு வாரத்தில் அதே இடத்தில் திரும்பி வந்தால் பெயின்ட் கடைக்குப் போகாமல் பென்சிலையும் பொலித்தீனையும் மறுபடி எடுங்கள்.